சுண்ணாம்பு தின்ற ரேகை

1. வைக்கோலுக்குள் ஒரு பாட்டில்

அந்தப் பாட்டில் மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. கோலி சோடா பாட்டில். பெட்டிக்குக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து அதைக் கொண்டுவந்த ஹெட் கான்ஸ்டபிள், பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்திருந்ததாகச் சொல்லிக் காலை நீட்டி உதறினார். அப்போது நான் மதுரையில் விரல்ரேகைப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேஜை, ஒரு கேமரா, நாலு லென்ஸ், நான், எனக்கு மேலே ஒரு சூப்பரின்டெண்ட். அறுபதுகளின் ஆரம்பம்.

கேஸ் இதுதான். பேகம்பூரில் ஒரு முதலாளிக்கு முன்னால் தோல் மண்டி, பின்னால் தோல் பதனிடுகிற ஷாப்பு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முதலாளியிலிருந்து கூலியாள் வரை எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மண்டியில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். அவர் பழனிப் பக்கத்துக் கவுண்டர். யாரோ பின்வாசல் வழியாக வந்து, அங்கே கிடந்த சோடா பாட்டிலாலேயே அவர் பின்மண்டையில் அடித்து, கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வாட்ச்மேன் பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை விளங்காமல் போயிற்று. அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பவுடர் போட்டுப் பார்த்தேன். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, பிடித்திருந்த வாகைப் பார்த்தால் வலது கட்டைவிரல். லூப். அதாவது கோடுகள் ஒரு பக்கமாக வந்து, வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போகும் ரேகை. அவ்வளவு தெளிவான ரேகை வருஷத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். படம் எடுத்துப் பெரிதாக்கி ஃபைலில் வைத்தேன்.

"ஆள் வேண்டாம் ஏட்டய்யா, கையைக் கொண்டாங்க போதும்" என்று ஹெட் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். இந்த வசனத்தை நான் அடிக்கடி சொல்வதுண்டு. சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

பேகம்பூர் நான் பிறந்த இடம். அந்த ஷாப்பில்தான் என் அக்கா புருஷன் வேலை பார்த்தார். அதை அன்றைக்கு நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

2. அத்தாவின் கை

எங்களைப் பெற்ற அத்தாவும் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஆட்டுத்தோலில் மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதில் கையை விட்டுத் தோலைப் புரட்டுகிறவர்களுக்கு விரல்நுனி வெந்து வழவழவென்று ஆகிவிடும். ரிஜிஸ்டர் ஆபீஸில் அத்தா கைநாட்டு வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழும். "என்னய்யா கை இது" என்று கிளார்க் சலித்துக்கொண்டதை அத்தா சாகும்வரை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது வேடிக்கையாகப் பட்டதில்லை.

அத்தா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அக்கா சபுராவின் புருஷன் இபுராகிம் மச்சான். அதே குழியில் நின்றுதான் படிக்க வைத்தார். இந்த வேலைக்கான இன்டர்வியூவுக்கு நான் போட்டுப் போன வெள்ளைச் சட்டை, அவர் நிக்காஹுக்குத் தைத்தது. தோள்பட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. "நல்லா நிமிந்து ஒக்காரு மாப்ள, சட்டை சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

பாட்டில் கேஸுக்கு ஒரு வருஷம் முன்பு மச்சானைக் குழியிலிருந்து எடுத்து, பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் வீட்டுக்கு அது பெரிய காரியம். நான் சாப்பிடப் போயிருந்த அன்று கையை என் முன்னால் நீட்டினார்.

"மாப்ள, பாரு. எனக்கும் ரேகை மொளச்சிருச்சு."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மேதாவித்தனத்தை ஆரம்பித்தேன். "அது எப்பவுமே இருந்ததுதான் மச்சான். சுண்ணாம்பு மேல்தோலைத்தான் திங்கும். குழியை விட்டு விலகினா ஒரு மாசத்துல பழைய ரேகையே அச்சு மாறாம வந்துரும்."

தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "திரும்பக் குழியில எறங்கினா?"

"நாலஞ்சு நாள்ல போயிரும்."

"இம்புட்டுதானா? இதுக்கா ஒனக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது" என்று சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம். மச்சான் நீட்டிய கையை நான் அன்று பார்க்கவே இல்லை. கறிக்குழம்பு நன்றாக இருந்தது, பேச்சு அதைவிட நன்றாக இருந்தது.

3. பஸ்ஸுக்கு நேரமாச்சு

பாட்டில் வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தாள்.

"காலையில ஒங்க மச்சானை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க. அன்னைக்கு ஜும்மா நேரத்துல மண்டிக்குப் பின்சந்துல நடந்து போனதை, சாப்பாட்டுக்குப் போன மண்டிக் கணக்கப்பிள்ளை பாத்திருக்காரு."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"தோல் ஊறப்போடுற பட்டைத் தண்ணி மேல கொட்டிருச்சாம். அந்த நாத்தத்தோட பள்ளிக்கு எப்படிப் போறதுன்னு ஷாப்புக் கெணத்துல குளிச்சாராம். குளிச்சு முடிக்கிறதுக்குள்ள தொழுகை முடிஞ்சிருச்சாம். பாத்த ஆளு யாருமில்ல." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தம்பி, அன்னைக்கு வீட்டுக்கு வந்து, பள்ளியில தொழுதுட்டு வந்தேன்னுதான் எங்கிட்டச் சொன்னாரு. பதினெட்டு வருசத்துல எங்கிட்டப் பொய் சொன்ன மனுசன் இல்ல. இதை வேற யாருகிட்டயும் நான் சொல்லல."

ஜும்மாவைத் தவறவிட்ட வெட்கத்தில் ஒரு மனிதன் வீட்டில் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. பொய் சொன்னார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"அடுத்த வாரம் மாஜிஸ்ட்ரேட் முன்னால கைரேகை எடுக்கணுமாம். எடுத்தா ஒங்கிட்டத்தான வரும்?"

"ஆமா."

"நீ அன்னைக்குச் சொன்னியே. குழியில எறங்கினா நாலஞ்சு நாள்ல..."

நான் எழுந்துவிட்டேன். "எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

செய்யச் சொல்லவும் இல்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கொல்லையில் மச்சான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "ஏன், சாப்ட்டுப் போ மாப்ள" என்றார். "இன்னொரு நாள் வாரேன் மச்சான்" என்று அவர் காலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தேன்.

குற்றம் செய்தாயா என்று எக்ஸ்பர்ட் யாரையும் கேட்கக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் பாடம். கேட்டுவிட்டால் லென்ஸில் தெரிவது மாறிப்போகும். நியாயமான விதி. அன்றைக்கு அந்த விதியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். பத்து வருஷம் எனக்குச் சோறு போட்ட மனிதரிடம், மதுரை வந்து சேரும்வரை, நான் எக்ஸ்பர்ட் ஆகவே இருந்தேன்.

4. பத்துக் கறுப்புப் பொட்டு

மாஜிஸ்ட்ரேட் முன்னால் எடுத்த மச்சானின் மாதிரி ரேகைகள் வந்தன. பத்து விரலுக்கும் பத்துக் கறுப்புப் பொட்டு. அத்தாவின் கைநாட்டு மாதிரியே இருந்தன.

அன்றே நான் சூப்பரின்டெண்டிடம் போய், "இவர் என் அக்கா புருஷன், ஃபைலை வேறு ஆளுக்கு மாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கொடுத்தால் ஃபைல் மெட்ராஸுக்குப் போகும். அங்கே இருக்கிறவன் பார்த்த மாத்திரத்தில் 'சுண்ணாம்புத் தேய்மானம், ஒரு மாதம் கழித்து மறு மாதிரி எடுக்கவும்' என்று எழுதிவிடுவான். அதைத் தடுக்கத்தான் ஃபைலை என் மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். இதை மறதி என்றோ குழப்பம் என்றோ சொல்லித் தப்பிக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

மற்ற கேஸ்களில் தேய்ந்த மாதிரி வந்தால் அரை நாள் லென்ஸை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒவ்வொரு பொட்டின் ஓரத்திலும் கோடு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுவேன். இந்த மாதிரியை ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் லூப் தெரிந்துவிடுமோ என்று பயம். தெரிந்துவிட்டால் எழுதாமல் இருக்க முடியாது. அதனால் பார்க்காமலே எழுதினேன்: 'ரேகைகள் தேய்ந்துள்ளமையால் ஒப்பிட்டுக் கருத்துக் கூற இயலவில்லை.'

அறிக்கையில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சமாதானம் கூட இருந்தது.

5. கூண்டில்

கணக்கப்பிள்ளை சொன்னதை வைத்தே மச்சானைப் பிடித்து ரிமாண்டில் வைத்தார்கள். விசாரணை திண்டுக்கல் கோர்ட்டில் நடந்தது. வாட்ச்மேனைத் தோளில் தாங்கி ஏற்றினார்கள். "ஏனுங்க, பின்னால இருந்து அடிச்சானுங்க. மூஞ்சிய எங்கீங்க பாக்கறது. கண்ணு முழிச்சப்ப ஆஸ்பத்திரியில கெடந்தனுங்க" என்றார். இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். இது, முன்னாலேயே சாட்சி சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை எனக்குப் பின்னால் சொன்னது. சாட்சிகளை வெளியேதான் உட்கார வைப்பார்கள்.

அடுத்து வரவேண்டிய ஷாப்பு மேஸ்திரிக்குக் காய்ச்சல், பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அதனால் என்னை முன்னால் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினேன். எதிர்க்கூண்டில் மச்சான். நிறைய இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் லேசாக நிமிர்ந்து நின்றார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாக வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு அக்கா நின்றாள். எனக்கும் அவர்களுக்கும் உறவு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அரசு வக்கீல் அறிக்கையைப் படிக்க வைத்தார். தேய்மானத்துக்குக் காரணம் கேட்டார். தோல் ஷாப்பில் சுண்ணாம்பு வேலை என்றேன். அவர் உட்காரப் போனபோது ஜட்ஜ் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தத் தேய்மானம் நிரந்தரமா?"

இருபது பேர் இருந்த ஹாலில் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அக்கா, மச்சான். 'இல்லை, ஒரு மாதத்தில் திரும்பிவிடும். மச்சான் ரிமாண்டில் இருந்தே நாற்பது நாளாகிறது, இப்போது எடுத்தால்கூடத் தெளிவாக விழும்' என்பதுதான் பதில்.

"ஆளுக்கு ஆள் வேறுபடும், யுவர் ஆனர்" என்றேன்.

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திருப்தியாகத் தலையாட்டி, குறுக்கு விசாரணை இல்லை என்றார். நான் இறங்கிப் போய் உள்ளேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. தலை தப்பியது என்று நினைத்தேன். அவர் தலையா என் தலையா என்று யோசிக்கவில்லை.

மேஸ்திரி மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மச்சான் எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்று அரசு வக்கீல் சும்மாதான் கேட்டார்.

"தரம் பிரிக்கிற எடத்துலங்கய்யா. ஆனா ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்த மறுநாளே, 'என்னையக் கொஞ்ச நாளைக்குக் குழிக்கு மாத்துங்கண்ணே'ன்னு வந்து நின்னாரு. நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலைய விட்டுப்புட்டு எவனாச்சும் சுண்ணாம்புக்குப் போவானா? எனக்கே வெளங்கல. கேட்டாரேன்னு மாத்தி விட்டேன்."

அரசு வக்கீல் மெதுவாக மறுபடி எழுந்தார். ஜட்ஜ் என் அறிக்கையை எடுத்துத் திரும்ப ஒரு தடவை படித்தார். அதற்குமேல் அந்தக் கேஸில் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமென்றே ரேகையை அழித்தவன்தான் அடித்தவன் என்று தீர்ப்பில் எழுதினார்கள். மூன்று வருஷம் கடுங்காவல். அக்கா அழவில்லை. என்னைத் தேடினாள். நான் தூணுக்கு மறைவில் இருந்தேன்.

6. ஜெயிலிலிருந்து வந்த சீட்டு

தண்டனை பெற்றவர்களின் பத்து விரல் ரேகையையும் ஜெயிலில் எடுத்து ஒரு சீட்டில் பதிந்து அனுப்புவார்கள். அது எங்கள் மேஜையில் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் ரெக்கார்டுக்குப் போகும். நூற்றுக்கணக்கில் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கட்டில் நாலாவது சீட்டு மச்சானுடையது.

சுண்ணாம்பு படாத கை. ஒவ்வொரு கோடும் கோலம் போட்ட மாதிரி விழுந்திருந்தது. வலது கட்டைவிரல் வோர்ல். அதாவது சுழி.

லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. பாட்டிலில் இருந்தது லூப், இது சுழி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும். ஒருவேளை பாட்டிலில் இருந்தது வேறு விரலோ என்று பத்தையும் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பழைய ஃபைலை எடுத்து, வலது கட்டைவிரலின் கறுப்புப் பொட்டை லென்ஸுக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நடுவுக்குச் சற்று ஓரமாக, மயிரிழை மாதிரி நாலு கோடு வட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முதல் நாளே இருந்திருக்கிறது. பார்த்திருந்தால் அன்றே எழுதியிருக்கலாம், பாட்டில் ரேகை இவருடையது அல்ல என்று.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இவன் ரேகைதான் என்று சொல்லப் பல புள்ளிகள் பொருந்த வேண்டும். இவன் ரேகை இல்லை என்று சொல்ல, மாறுபாடு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும். தேய்ந்த மாதிரியையும் அந்த ஒன்றுக்காக முழுக்கப் பார்க்க வேண்டும். மச்சானை மாட்டிவிடக் கூடாது என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். விடுதலை செய்யக்கூடியதும் அதே பொட்டில்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் எழுதி சூப்பரின்டெண்டிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"அக்கா புருஷன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பேனேய்யா."

"அதனாலதான் சார் சொல்லலை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கோர்ட்டுக்கும் நல்லவனா இல்லாம, வீட்டுக்கும் நல்லவனா இல்லாமப் போயிட்டியேய்யா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பீல், மறு அறிக்கை, மறுபடி கூண்டு. இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் முழுப் பதில் சொன்னேன், எனக்கு என்ன உறவு என்பது உட்பட. மச்சான் வெளியே வரப் பதினோரு மாதம் ஆயிற்று. எனக்கு இன்கிரிமெண்ட் நின்றது, சில வருஷம் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ரெக்கார்டு அறையில் உட்கார வைத்தார்கள். அது குறைந்த தண்டனை. அதற்குள் அக்கா மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்துபோயிருந்தது. பாட்டிலில் இருந்த விரல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. வாட்ச்மேனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

7. கேட்காத கேள்வி

மச்சான் வந்து நாலு மாதம் கழித்துத்தான் பேகம்பூருக்குப் போனேன். அதற்கு முன்னால் போக எனக்குத் தைரியம் இல்லை. அக்கா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மச்சான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஷாப்பில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஜெயிலுக்குப் போய் வந்தவரைத் தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. குழி வேலைதான். விரல்கள் வெந்து வழவழவென்று இருந்தன.

நான் பேச ஆரம்பித்தேன். மன்னிப்பு என்று எதையோ சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல மாப்ள. தம்பி சொல்லிட்டான், குழியில எறங்கச் சொல்றான்னு ஒங்க அக்கா வந்து சொன்னா. நீ ரேகை பாக்குறவன். நீயே அழிக்கச் சொன்னா, பாட்டில்ல என் கைதான் இருக்குன்னுதான நான் நெனப்பேன்? அந்த மண்டியில நானும் தெனம் சோடா குடிக்கிறவன்தான். எப்பவோ தொட்டிருப்பேன், அது வந்து மாட்டிக்கிருச்சுன்னு நெனச்சேன். ஒன்னைய நம்பித்தான் எறங்குனேன்."

"நான் சொல்லலை மச்சான். சும்மா எந்திரிச்சுப் போனேன். அக்கா அதை அப்படி எடுத்துக்கிருச்சு."

"அவளுக்கும் நான்தான் அடிச்சேன்னு பயம். ஒனக்கும் பயம். வெளியாளு சந்தேகப்பட்டது சரி, வீட்டாளுமா?" துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அன்னைக்கு இதே எடத்துலதான நின்னேன். நீங்க அடிச்சீங்களா மச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

தொழில் விதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உறவுக்காரர் ஃபைல் உங்கள் மேஜைக்கு வந்தால் அன்றே எழுதிக் கொடுத்து விலகுங்கள். விலகிய கையோடு நேரே அந்த வீட்டுக்குப் போங்கள், எக்ஸ்பர்ட் கேட்கக் கூடாத கேள்வியை உறவுக்காரனாகக் கேளுங்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது இதுதான், இதையும் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன்.

மச்சான் துண்டைக் கொடியில் போட்டார்.

"இப்பக் கேளு" என்றார்.

"வேணாம் மச்சான்."

"கேளு மாப்ள. எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

அவர் முகத்தைப் பார்த்தேன். "நீங்க அடிச்சீங்களா மச்சான்?"

"இல்ல" என்றார். பிறகு, "சாப்ட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்குள் போனார்.